ஜே.என்.யூ. மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் மாணவர் தேர்தல் என்று ஒன்று நடப்பதே இல்லை. வகுப்புக்கு ஒரு பிரதிநிதி, அவரையும் துறைத்தலைவரே கைகாட்டுவார். அப்படிப் படித்துவிட்டு எம்.ஏ.வுக்கோ பிஎச்.டி.க்கோ டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே தேர்தல் சமயத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். தேர்தலை நடத்துவதே மாணவர்கள்தான். தலைமைத் தேர்தல் ஆணையர் ஒரு மாணவர். ஓட்டு காகிதச் சீட்டில். தலைவர் வேட்பாளர்கள் நள்ளிரவில் மேடையேறி விடிகிற வரைக்கும் பேசுவார்கள். அதைக் கேட்கக் கூட்டமும் உட்கார்ந்திருக்கும்.

அங்கே தலைவர் பதவிக்கு நிற்க நினைக்கும் ஒருவர் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனுத்தாக்கலில் இருந்து முடிவு வரை எல்லாமே ஏறக்குறைய பத்து நாளில் முடிந்துவிடும். அந்தப் பத்து நாளில் யாரும் தலைவர் ஆவதில்லை. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நீங்கள் சேர்த்து வைத்ததைத்தான் அந்த நாட்களில் எண்ணிப் பார்க்கிறார்கள்.

முதல் வேலை: உங்களால் நிற்க முடியுமா?

ஆசைப்படும் முன் தகுதியைச் சரிபாருங்கள். இந்தியா முழுக்க மாணவர் தேர்தல்களுக்கு அடிப்படை, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகள். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி:

- முழுநேர மாணவராக இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்கள் நிற்க முடியாது.
- இளநிலை மாணவர்களுக்கு 17 முதல் 22 வயது வரை. முதுநிலைக்கு 24, 25 வரை. ஆய்வு மாணவர்களுக்கு 28.
- வருகைப்பதிவு 75 சதவீதம், அல்லது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு. இரண்டில் எது அதிகமோ அது.
- நிற்கிற வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது.
- குற்ற வழக்குப் பின்னணியோ பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது.
- தலைவர், துணைத் தலைவர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம்.

ஜே.என்.யூ. இந்த விதிகளோடு சும்மா ஒத்துப்போகவில்லை. விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008-ல் அங்கே தேர்தலுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மாணவர்கள் வழக்காடி, 2011 கடைசியில் வயது உள்ளிட்ட சில விஷயங்களில் தளர்வு பெற்ற பிறகு 2012 மார்ச்சில்தான் மறுபடி ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். அதனால் மேலே உள்ள எண்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தந்த ஆண்டுத் தேர்தல் அறிவிப்பில் உங்கள் படிப்புக்கு என்ன வயது வரம்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பட்டியலில் பலரைக் கவிழ்ப்பது வயதல்ல, ஒழுங்கு நடவடிக்கைதான். போராட்டத்தில் கலந்துகொள்ளாத ஒருவருக்கு ஜே.என்.யூ.வில் யாரும் ஓட்டுப் போடப் போவதில்லை. ஆனால் போராட்டத்தில் கலந்துகொண்டால், ஒழுங்கு நடவடிக்கைகளைப் பார்க்கும் புராக்டர் அலுவலகத்தில் இருந்து கடிதம் வரும். 2023-ல் வந்த புதிய விதிப்புத்தகம் தர்ணாவுக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனுப் பரிசீலனை நாளில் அந்த ஃபைல் உங்களைக் காப்பாற்றலாம்.

ஒரே வாய்ப்பு என்கிற விதியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘இந்த வருஷம் நின்று பார்ப்போம், தோற்றால் அடுத்த வருஷம்’ என்கிற கணக்கு இங்கே சரிவராது. சந்தேகம் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த வருடம் உங்கள் பள்ளியின் பிரதிநிதியான கவுன்சிலர் பதவிக்கு நில்லுங்கள். அதற்குத் தனிக் கணக்கு. இங்கே பள்ளி என்பது துறைகளின் தொகுப்பு: மொழிகள், சமூக அறிவியல், சர்வதேச உறவுகள் என்று தனித்தனிப் பள்ளிகள் இருக்கின்றன.

அமைப்பா, சுயேச்சையா?

மாணவர் சங்கத்தின் மத்திய நிர்வாகத்தில் நான்கு பதவிகள்: தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர். நான்குக்கும் எல்லா மாணவர்களும் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். களத்தில் இருக்கும் அமைப்புகள்: இடதுசாரிகளில் ஐசா, எஸ்.எஃப்.ஐ., ஏ.ஐ.எஸ்.எஃப்., டி.எஸ்.எஃப்.; ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏ.பி.வி.பி., காங்கிரஸின் என்.எஸ்.யூ.ஐ., 2014-ல் தொடங்கிய அம்பேத்கரிய அமைப்பான பாப்சா, இன்னும் சில.

உங்கள் கொள்கை எது என்பதை நான் சொல்ல முடியாது. ஓட்டுக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லலாம். 2019-ல் நான்கு இடதுசாரி அமைப்புகள் சேர்ந்து நின்றன. அவர்களின் தலைவர் வேட்பாளர் ஆயிஷி கோஷ் 2,313 ஓட்டு வாங்கி வென்றார். அடுத்து வந்தவர்கள் இருவரும் தலா 1,100 சொச்சம். 2025 ஏப்ரலில் இடதுசாரிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். வென்ற நிதிஷ் குமாருக்கு 1,702, ஏ.பி.வி.பி.க்கு 1,430, பிரிந்து நின்ற இன்னொரு கூட்டணிக்கு 918. ஆக, மனுத்தாக்கலுக்கு முந்தைய வாரத்தில் மூடிய அறைக்குள் நடக்கும் கூட்டணிப் பேச்சுதான் பாதி முடிவு. எந்த அமைப்புக்கு எந்தப் பதவி என்கிற இழுபறி மனுவை வாபஸ் வாங்கும் கடைசி மணி நேரம் வரை போகும். பெயரை அறிவித்துவிட்டார்கள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். வாபஸ் நேரம் முடியட்டும்.

அமைப்பின் பெயர்ப்பலகை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2012-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரணாப் முகர்ஜியை ஆதரித்த தாய்க்கட்சியான சி.பி.எம்.மின் முடிவை எதிர்த்ததற்காக எஸ்.எஃப்.ஐ.யின் ஜே.என்.யூ. கிளையையே கலைத்தார்கள். கலைக்கப்பட்டவர்கள் தனியாக நின்றார்கள். சில வாரங்களில் நடந்த தேர்தலில் அவர்களின் வேட்பாளர் வி.லெனின் குமார்தான் தலைவரானார். மேலிடம் சொன்னதை அப்படியே ஒப்பிப்பவரைவிட, மேலிடத்தோடு சண்டை போட்டவருக்கு அந்த வளாகத்தில் மரியாதை அதிகம்.

சுயேச்சையாக நிற்பது கௌரவமான முடிவு. வெல்வதற்கான வழி அது இல்லை. ஏன் என்று விவாதம் பற்றிய பகுதியில் வருகிறேன்.

ஒரு வருட வேலை

இதுதான் விஷயம். இதைச் செய்யாதவர்கள் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு அட்மிஷன் நாட்களில் படிவம் நிரப்ப, ஹாஸ்டல் அறை கிடைக்கும் வரை யாராவது சீனியர் அறையில் தங்க வைக்க ஆள் தேவை. ஒவ்வொரு அமைப்பும் உதவி மேசை போட்டு உட்காரும். விழுப்புரத்தில் இருந்தோ பிகாரில் இருந்தோ பெட்டியோடு வந்து நிற்கும் ஒரு பையனை அழைத்துப் போய்ப் பத்து நாள் தன் அறையில் படுக்க வைத்த சீனியரின் முகம் அவனுக்கு மறக்காது. இதைத் தந்திரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் இன்னொருவரோடு ஒரே கட்டிலைப் பகிர்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அப்புறம், பிரச்சினைகளை எண்களோடு தெரிந்துகொள்ளுங்கள். 2019 அக்டோபரில் ஹாஸ்டல் கட்டண உயர்வு வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். தனி அறை வாடகை மாதம் 20 ரூபாயில் இருந்து 600. இருவர் அறையில் 10 ரூபாயில் இருந்து 300. மெஸ் முன்பணம் 5,500-ல் இருந்து 12,000. இதுவரை இல்லாத பராமரிப்புக் கட்டணம் மாதம் 1,700. வெளியில் இருந்தவர்கள் ‘இருபது ரூபாய் வாடகையா?’ என்று கேலி செய்தார்கள். மாணவர்களை உண்மையில் அழுத்தியது வாடகை அல்ல, அந்த 1,700. அதைப் படித்துப் பார்த்து, ஒரு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு கூடுகிறது என்று கூட்டிச் சொன்னவர்கள் பேச்சுக்குத்தான் மெஸ்ஸில் ஆள் திரும்பிப் பார்த்தார்கள். ‘கல்வி உரிமையைக் காப்போம்’ என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உங்கள் பள்ளியைத் தாண்டிப் பழகுங்கள். மொழிகள், சமூக அறிவியல், சர்வதேச உறவுகள் ஆகிய மூன்றும் பெரிய ஓட்டுவங்கிகள். அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் அறிவியல் பள்ளிகளிலும் 2018-ல் தொடங்கிய பொறியியல் பள்ளியிலும் உங்களை யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் இருக்கும் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம். பி.டெக். மாணவர் முதலில் கேட்பது வேலைவாய்ப்பைப் பற்றித்தான். பாலஸ்தீனம் பற்றி அப்புறம் கேட்பார். இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்தி தெரியாதது தடையா என்று கேட்பார்கள். முழுத் தடை இல்லை. ஆனால் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவரை மேல்தட்டு ஆள் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு பெரிய கூட்டம் அங்கே உண்டு. உடைந்த இந்தி பரவாயில்லை, பேசுங்கள். இலக்கணப் பிழைக்குச் சிரிப்பார்கள், கைதட்டவும் செய்வார்கள். இந்தி எதிர்ப்பு பற்றிக் கேள்வி வந்தால் ஒளியாதீர்கள். திணிப்பை எதிர்ப்பது வேறு, மொழியைக் கற்பது வேறு என்று இந்தியிலேயே சொல்லக் கற்றுக்கொண்டால் அதைவிட நல்ல பதில் இல்லை.

மனுத்தாக்கல்

சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்தல் ஆணையம் கேட்கும் ஆவணங்களை முதல் நாளே தயாராக வையுங்கள். அடையாள அட்டை, வருகைப்பதிவுச் சான்று, பிறந்த தேதிக்கான ஆதாரம் எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். டெல்லியில் அதை விளக்கிக்கொண்டிருக்கப் பரிசீலனை நாளில் நேரம் கிடைக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. 2019 தேர்தலில் கவுன்சிலர் மனு ஒன்றைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்ற புகாரும் கவுன்சிலர் இடங்களின் எண்ணிக்கை பற்றிய புகாரும் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின. ஓட்டு எண்ணி முடித்த பிறகும் முடிவை அறிவிக்க முடியாமல் பல நாள் நீதிமன்றத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டி இருந்தது.

ஐயாயிரம் ரூபாய்

ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று லிங்டோ குழு சொன்ன உச்சவரம்பு 5,000 ரூபாய். மாணவர்கள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடை தவிர வேறு பணம் கூடாது. கட்சிப் பணம் கண்டிப்பாகக் கூடாது. அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ், ஒலிபெருக்கி, வாகனம் எதற்கும் அனுமதி இல்லை. கையால் எழுதிய போஸ்டர், அதையும் ஒதுக்கிய இடத்தில்தான் ஒட்டலாம்.

இதே விதி டெல்லி பல்கலைக்கழகத்துக்கும் உண்டு என்றால் அங்கே போனவர்கள் நம்ப மாட்டார்கள். 2024 செப்டம்பரில் அங்கே நகரச் சுவர்களையும் மெட்ரோ தூண்களையும் போஸ்டரால் மூடிவிட்டார்கள். சுத்தம் செய்த பிறகுதான் ஓட்டு எண்ணலாம் என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. செப்டம்பர் 27-ல் நடந்த தேர்தலுக்கு நவம்பர் 25-ல்தான் முடிவு வந்தது. அடுத்த ஆண்டு வேட்பாளர்களிடம் ஒரு லட்ச ரூபாய்க்கு உத்தரவாதப் பத்திரம் கேட்டார்கள்.

ஜே.என்.யூ.வில் பணத்தைக் காட்டினால் ஓட்டுக் குறையும். பர்ச்சா எனப்படும் துண்டறிக்கையைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுப்பார்கள். கையெழுத்து நன்றாக உள்ள இரண்டு பேர் உங்கள் குழுவில் கட்டாயம் வேண்டும். இந்தியில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர். ஜெராக்ஸ் கடை ரசீதுகளை முதல் நாளில் இருந்தே ஒருவர் பொறுப்பில் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

மெஸ்ஸில் ஓட்டுக் கேட்பது

ஹாஸ்டல்களுக்கு ஆறுகளின் பெயர்கள்: கங்கா, ஜீலம், சபர்மதி, கோதாவரி, கோய்னா, தாப்தி, மாஹி, லோஹித். பெரியாறும் காவேரியும்கூட உண்டு. ஊர் நினைப்பு வந்தால் அந்தப் பக்கம் நடக்கலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு மெஸ்ஸாகப் போவதுதான் பிரச்சாரத்தின் முதுகெலும்பு.

எப்படிச் செய்வது? கூட்டத்தோடு நுழைந்து டஃப்லி என்கிற கைப்பறையை அடித்துக் கோஷம் போடுவது நுழைவுக்கு மட்டும். அப்புறம் தனியாக மேசை மேசையாகப் போங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தலை நிமிரும் வரை காத்திருங்கள். பெயர், படிப்பு, ஒரு விஷயம். ஒரே ஒரு விஷயம்தான். அந்த ஹாஸ்டலின் விஷயமாக இருக்கட்டும்: மேல்தளத்தில் தண்ணீர் வராதது, மேற்கூரை ஒழுகுவது, இரவு வாசிப்பறைக்கு விளக்கு இல்லாதது. முந்தைய நாளே அங்கே குடியிருக்கும் உங்கள் ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பதில் சொன்னவர் கேள்வி கேட்டால் அடுத்த மேசைக்கு அவசரப்படாதீர்கள். அவர் தட்டில் சப்பாத்தி ஆறிப்போகும் அளவுக்குக் கேட்கிறார் என்றால், அதைப் பக்கத்து மேசைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சாப்பாடு முடிந்த பிறகு அறை அறையாக. பெண்கள் ஹாஸ்டல்களில் இதைச் செய்ய உங்கள் குழுவில் பெண்கள் இல்லை என்றால், தேர்தலை அங்கேயே விட்டுவிட்டீர்கள் என்று பொருள். பேருக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்வது உடனே தெரிந்துவிடும்.

வளாகத்துக்கு வெளியே, முனீர்க்கா, பேர் சராய் பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களை வகுப்பில்தான் பிடிக்க முடியும். பிரச்சாரத்தில் ஒரு பகல் முழுவதையும் அதற்காக ஒதுக்குங்கள்.

ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். ஹாஸ்டல் வாரியாக: உறுதி, ஊசல், இல்லை. உங்கள் ஆட்கள் எல்லோரையும் ‘உறுதி’ என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் தலைவராக வென்ற கன்னையா குமார் 1,029, ஐசா வேட்பாளர் 962. வித்தியாசம் 67. ஒரு ஹாஸ்டலில் ஒரு பிளாக்கை விட்டுவிட்டால் போகக்கூடிய எண்ணிக்கை அது.

விவாத இரவு

பல ஆண்டுகளாக ஜீலம் ஹாஸ்டல் புல்வெளியில் நடந்த நிகழ்ச்சி. மூன்று சுற்று: வேட்பாளர் உரை, வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் கேட்பது, பார்வையாளர் கேள்விகள். ஒவ்வொரு அமைப்பும் தன் கூட்டத்தோடு, கொடியோடு, டஃப்லியோடு ஒரு பக்கத்தைப் பிடித்து உட்காரும். நீங்கள் பேச எழுந்ததும் எதிர்க்கூட்டம் கோஷம் போடும். தேர்தல் ஆணையத்து மாணவர்கள் மைக்கில் கெஞ்சுவார்கள். உங்கள் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

தயாரிப்பு இப்படி இருக்கட்டும். உரையை மனப்பாடம் செய்யாதீர்கள். சத்தத்தில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போகும். நான்கு தலைப்பை மட்டும் வரிசையாக மனதில் வையுங்கள். சத்தம் அடங்கும் வரை சும்மா நில்லுங்கள், அதன் மேல் கத்தாதீர்கள். உலக அரசியலில் தொடங்கி ஹாஸ்டலுக்கு வருவது அங்கே வழக்கம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதல் நிமிடத்தில் மெஸ் பில், கடைசியில் உலகம்.

இரண்டாம் சுற்றுதான் ஆளை அளக்கும் இடம். உங்கள் அமைப்பு கடந்த காலத்தில் செய்த மோசமான காரியம் எதுவோ அதைத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நீங்களே முதலில் எழுதி, நண்பர்களை விட்டுக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள். ‘அது தவறு’ என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டு நகர முடிந்தால் எதிராளியின் அடுத்த இரண்டு கேள்விகளும் வீணாகிவிடும். விதிப்படியும் எதிராளியின் கொள்கை, செயல்பாடு பற்றி மட்டுமே பேசலாம். சாதி, மதம் சொல்லி ஓட்டுக் கேட்கவோ சொந்த வாழ்க்கையை இழுக்கவோ கூடாது.

இந்த இரவு ஓட்டாக மாறுமா? 2015-ல் மாறியது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கன்னையாவின் ஏ.ஐ.எஸ்.எஃப். அங்கே சிறிய அமைப்பு. தலைவர் பதவி மட்டும் அதற்குக் கிடைத்தது. மற்ற மூன்றில் இரண்டு ஐசாவுக்கும் ஒன்று ஏ.பி.வி.பி.க்கும் போயின. ஒரே ஆள் நான்கு சீட்டில் வேறு வேறு அமைப்புக்கு ஓட்டுப் போடுவது அங்கே சகஜம். 2017-ல் சுயேச்சையாக நின்ற ஒரு மாணவரின் விவாத உரைக்கு அந்த இரவின் பெரிய கைதட்டல் கிடைத்தது. வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. தலைவரானது கீதா குமாரி. அந்தச் சுயேச்சைக்காக அறைக்கதவைத் தட்ட ஹாஸ்டலுக்கு நான்கு பேர் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஓட்டுப்பதிவும் எண்ணிக்கையும்

விவாதத்துக்கும் ஓட்டுப்பதிவுக்கும் இடையில் பிரச்சாரம் இல்லாத ஒரு நாள். தூங்குங்கள். தேர்தல் நாளில் மதிய இடைவேளையோடு இரண்டு பகுதியாக ஓட்டுப் போடுவார்கள். காலையில் வராதவர்களின் பட்டியல் மதியம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘உறுதி’ என்று எழுதியவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தால் அது ஓட்டு இல்லை. 2025 ஏப்ரலில் ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 7,900. போட்டவர்கள் சுமார் 5,500.

எண்ணிக்கை முகவர்களை அக்கறையோடு தேர்ந்தெடுங்கள். பேச்சாளர்கள் வேண்டாம். தூக்கம் விழிக்கத் தெரிந்த, கோபப்படாத, கணக்குத் தெரிந்த ஆட்கள் போதும். எண்ணிக்கை ஒரு நாளைத் தாண்டி ஓடும். மாற்று முகவர் இல்லாவிட்டால் முடிந்தது. 2018-ல் பெட்டியைத் திறப்பதாகத் தங்கள் முகவருக்குச் சொல்லவில்லை என்று ஏ.பி.வி.பி. கிளப்பிய தகராறில் எண்ணிக்கை சுமார் 14 மணி நேரம் நின்றுபோனது. அழைப்பு வந்தால் எடுக்கிற ஆளாக, வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆளாகப் பாருங்கள். அறிவியல் பள்ளிகளின் பெட்டியை முதலில் எண்ணும்போது வரும் முன்னிலையைப் பார்த்து வண்ணப்பொடி வாங்கிவிடாதீர்கள். பெரிய பள்ளிகள் பின்னால் வரும்.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். அந்த ஜெராக்ஸ் ரசீதுக் கவர் இப்போதுதான் வெளியே வரும். முறைகேடு பற்றிப் புகார் இருந்தால் முடிவு அறிவித்த மூன்று வாரத்துக்குள் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். உங்கள் மேலும் கொடுப்பார்கள். பிரச்சார நாட்களில் வாங்கிய அனுமதிக் கடிதங்கள் அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.

ஜெயித்தவர்களுக்கு இன்னொரு வேலை. தேர்தல் அலைச்சலில் விட்டுப்போன ஆய்வேட்டு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு முதல் வாரமே வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள். அறிக்கை எப்போது தருவீர்கள் என்று தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு அவரைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.